வேன் அக்கா வாயை மூடிய காலை

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்காவுக்கு வாய் ஓயவே ஓயாது. கதவைத் திறக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு ஓட்டுநர் அண்ணனின் காது மட்டும்தான் மிச்சமிருக்கும். அதையும் விடமாட்டாள்.

மூன்றாம் வகுப்புச் சிட்டுக்குப் பேச்சு திக்கும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவளுக்கு "ரிப்பேர் ரேடியோ" என்று பெயர் வைத்தாள். வேனே சிரித்தது. அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரியவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து சிட்டைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தாலே மீதியைத் தானே சொல்லி முடித்தாள். பிள்ளைக்கு எதற்குச் சிரமம் என்ற பாசம்தான், வேறென்ன?

ஒரு வாரத்தில் சிட்டு பள்ளிக்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மாலையில் வீடு தேடிப் போனாள்.

"அவ மறுபடியும் ஏதாவது சொன்னாளா கண்ணு?"

"அ... அவ சிரிக்கிறா. நீ... நீங்க..."

"நான் சரியாத் திட்டலையா?" என்று அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

சிட்டின் அம்மா அக்காவின் கையை மெல்ல அழுத்தினாள். சிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

"நீங்க என் பே... பேச்சைப் பி... பிடுங்கிக்கிறீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "தப்புதான் கண்ணு. நாளைக்கு வா. நான் குறுக்க பேசினா என்னன்னு கேளு."

மறுநாள் சிட்டு வந்தாள். "ரேடியோ வந்துடுச்சு" என்றாள் பெரியவள். சிட்டு படியிலேயே நின்றுவிட்டாள். நாக்கு நுனிவரை வந்த வசவை அக்கா விழுங்கிக்கொண்டாள். கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"எ... என்னை அ... அப்படிக் கூ..."

அதற்கு மேல் வரவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஓட்டுநர் அண்ணன் எஞ்சினையே அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மனுஷன் நல்லா இருக்கணும் என்று அக்கா மனதார நினைத்துக்கொண்டாள்.

"...கூப்பிடாதே. எ... எனக்குப் பிடிக்கல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "சரி, கூப்பிடல," என்று பெரியவள் முணுமுணுத்தாள். பையை நகர்த்தி இடமும் விட்டாள்.

பள்ளி வாசலில் இறங்கியதும் சிட்டு திரும்பினாள். "தே..." என்று நின்றது. மணி அடித்துவிட்டது. என்ன சொல்ல வருகிறாள் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணில் நீர் முட்ட, பேசாமல் நின்றாள்.

"தே... தேங்க்ஸ் அக்கா."

முழுதும் வந்த பிறகே அக்கா வாயைத் திறந்தாள்.

"நான்தான் கண்ணு உனக்குச் சொல்லணும்."