கூரை நடந்த சனிக்கிழமை

போன சனிக்கிழமை எங்கள் ஊரில் ஒரு கூரை நடந்து போனது.

காலை எட்டு பத்துக்குப் புறப்பட்டது. எட்டு முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தது. தூரம் நூற்று நாற்பது அடி. சுமந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். நானே எண்ணினேன். போஸ்ட்மாஸ்டருக்கு எண்ணுவதை விட்டால் வேறு என்ன தெரியும்?

சிரிக்காதீர்கள். விஷயம் பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் நர்ஸாக ஒரு கன்னியாஸ்திரீ வந்தார். பெயர் பிலார். பிலிப்பைன்ஸில் ஒரு விவசாய ஊர்க்காரர். சனிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கடிதம் போட வருவார். தபால்தலை ஒட்டியதும் போய்விட மாட்டார்... ஐந்து நிமிஷம் ஊர்க்கதை. பாதி இங்கிலீஷ், பாதி ஆஸ்பத்திரியில் கற்ற தமிழ். நான் அன்றன்றே டைரியில் எழுதி வைத்துவிடுவேன்.

அந்த ஊருக்கு உழவர்களின் புனிதரான இசித்ரோவின் பெயர். அதே பெயரில் நாடு முழுக்க ஊர்கள் இருக்கின்றனவாம். மாகாணத்தின் பெயரை எழுத மறந்தால் கடிதம் தீவு தீவாகச் சுற்றுமாம். அன்றிலிருந்து அவர் உறையில் மாகாணத்தின் பெயரை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துகிறேன்.

ஸ்பெயின்காரப் பாதிரியார் ஒருவர் ஆற்றங்கரையில் ஒரு கோயிலையும் மணியையும் வைத்து உண்டாக்கிய ஊர். ஆறு இரண்டு தடவை கரையைத் தின்றது. இரண்டு தடவையும் ஊர் மேட்டுக்கு நகர்ந்தது. பிறகு அமெரிக்கர் வந்து பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஜப்பான்காரர் வந்தபோது ஜனங்கள் விதைநெல்லைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். நகையை அல்ல, விதைநெல்லை! யுத்தம் முடிந்து திரும்பினால் உழ எருமை இல்லை. மனிதர்களே ஏர் இழுத்தார்கள்.

எருமைதான் அங்கே உழவு மாடு. மே மாதத் திருவிழாவில் அதைக் குளிப்பாட்டி, பூச்சூட்டி, கோயில் வாசலில் மண்டியிட வைப்பார்களாம்.

மணியார்டர் வாங்க வந்திருந்த வெங்கடப்ப நாயுடு இதைக் கேட்டுவிட்டார். "அதுல ரெண்டை இங்க அனுப்பச் சொல்லுங்க சிஸ்டர். எங்க வீட்டு எருமை எனக்கு வழிகூட விடாது."

எருமை வரைக்கும் நான் நம்பினேன். "ஊர் நகர்ந்தபோது வீடுகளையும் தூக்கிக்கொண்டு போனோம்" என்றாரே, அப்போதுதான் பேனாவை மூடினேன். மூங்கில் வீடாம். அடியில் கழிகளைக் கொடுத்து, அக்கம்பக்கத்தார் தோள் கொடுத்து, வீட்டை அப்படியே கொண்டு போவார்களாம். டைரியில் "சிஸ்டர் சொன்னார்" என்று மட்டும் எழுதினேன்.

இனி கெம்பம்மா. புருஷன் இல்லாதவர். ஒரு பசுவை வைத்து எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். அவருடைய குடிசை ரோட்டோரம். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். ஓவர்சீயர் நல்ல மனிதர். பின்னால் இடம் காட்டி, இந்தத் திங்கட்கிழமை வரை தவணையும் கொடுத்தார். கூரைதான் சங்கடம். தை மாதத்தில் வேய்ந்த மலைப்புல். இனி அடுத்த தையில்தான் புல் கிடைக்கும். இப்போதோ ஐப்பசி... தினமும் மேகம்.

"பிரிச்சா தூள்தான் சாமி மிஞ்சும்" என்று, கூரை நடந்ததற்கு முந்தின சனிக்கிழமை தபால் ஆபீசில் வந்து அழுதார் கெம்பம்மா. "மழைக்கு நானும் மாடும் எங்க போய் நிக்கிறது? ஒரு வாரமாத் தூக்கமே இல்ல."

பிலார் சிஸ்டர் கடிதத்தை மடித்தபடியே கேட்டார்: "ஏன் பிரிக்க வேண்டும்? தூக்கலாமே."

"அதென்ன குடையா சிஸ்டர்?" என்றார் கெம்பம்மாவுக்குத் துணையாக வந்த பக்கத்து வீட்டு நஞ்சப்பா.

சிஸ்டர் ஒரு தந்தி பாரத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். புது இடத்தில், கூரை உட்கார நுனி கவட்டையாகப் பிரிந்த கவைக்கால் நட வேண்டும். கூரைக்குக் கீழே மூங்கிலைக் குறுக்கும் நெடுக்கும் கட்ட வேண்டும். சுவரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நஞ்சப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முட்டுக்கொடுத்துப் பாக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பழைய சுவரை இடித்தாயிற்று. கூரை முட்டுக்கால்களின் மேல் நின்றது. இனி பின்வாங்க வழியில்லை.

எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை. சந்தையில் மூன்றும் கலந்து ஓடும், தகராறே கிடையாது. ஆனால் கோபத்துக்கும் கணக்குக்கும் மட்டும் ஒவ்வொருவரும் அவரவர் பாஷைக்குப் போய்விடுவார்கள். இது எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

சனிக்கிழமை வடக்குப் பக்கம் நஞ்சப்பாவின் ஆட்கள். தெற்கே நாயுடுவின் ஆட்கள். நடுவில் சின்னசாமிக் கவுண்டரின் ஆட்கள்.

"ஒந்து, எரடு..." என்று நஞ்சப்பா தொடங்கினார். "ஒகட்டி..." என்று நாயுடு அப்போதுதான் ஆரம்பித்தார். அதற்குள் கவுண்டர் "மூணு!" என்றார்.

கூரை நடுவில் எழும்பி, தெற்கே சாய்ந்தது. புல் சரசரவென்று சரிந்தது. கெம்பம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நல்ல வேளை, முட்டுக்கால் தாங்கியது.

"மூணு வந்தாச்சு, நீங்க ஒண்ணுலயே நிக்கிறீங்களே நாயுடு!"

"உங்க மூணை யாரு கேட்டா கவுண்டரே? நான் எண்றேன், நீங்க தூக்குங்க."

"ஏன், நாங்க எண்ணினா உங்க தோள் தூக்காதா?" இது நஞ்சப்பா.

யார் எண்ணுவது? கால் மணி நேரம் இதே பேச்சு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கெம்பம்மா மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் எண்ணட்டுமா?" என்றார் சிஸ்டர்.

"எந்த பாஷையில?" மூவரும் சேர்ந்தே கேட்டார்கள்.

"எங்கள் ஊர்ப் பாஷையில்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது யாருடைய பாஷையும் அல்ல. ஆட்சேபிக்க ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

சிஸ்டர் மூன்று சொல்லையும் சொல்லிக்கொடுத்தார். ஈசா, தலாவா, தத்லோ. தத்லோவுக்குத் தூக்க வேண்டும். வெறுங்கையில் இரண்டு தரம் பழக்கம். தெரியாத பாஷை அல்லவா... முப்பத்திரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஈசா... தலாவா... தத்லோ!"

கூரை எழுந்தது. முழுசாக, மட்டமாக.

வெளியிலிருந்து பார்த்தால் கூரைக்குக் கீழே கால்கள்தான் தெரிந்தன. உள்ளேயிருந்து நாயுடு குரல்: "எவன்டா என் காலை மிதிக்கிறது? தத்லோ முடிஞ்சுபோச்சு, நடங்கடா!" கெம்பம்மா பின்னால் குனிந்தபடியே, உதிர்ந்த புல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

கவைக்கால்களில் கூரை உட்கார்ந்ததும் சிஸ்டர் கண்ணைத் துடைத்தார். போன கடிதத்தில் அவர் அம்மா எழுதியிருந்தாராம் — வீட்டை சிமெண்டில் கட்டிவிட்டார்கள். இனி யாராலும் தூக்க முடியாது.

"நல்லதுதானே சிஸ்டர்?" என்றேன்.

"நல்லதுதான். புயலுக்கு நல்லது" என்றார்.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து களியும் கீரைக் குழம்பும் வந்தன. எல்லோரும் அந்தக் கூரைக்கு அடியிலேயே சாப்பிட்டோம். பகல் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கெம்பம்மா அண்ணாந்து பார்த்தார். மூலைக்கு மூலை கையை நீட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "கொஞ்சம் சாய்றேன் சாமி" என்று வெறும் மண்ணில் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

நான்கு மணிக்குப் பசு கத்தியது. கறவை நேரம். எழுப்பப் போன நஞ்சப்பாவைக் கவுண்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிலார் சிஸ்டர் அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு, சொம்போடு பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

புதுக் கைக்குப் பசு முழுசாகச் சுரக்கவில்லை. அன்றைக்குத் தெரு முழுக்கப் பால் குறைவுதான்; ஒரு வீட்டிலும் ஏன் என்று கேட்கவில்லை.