மழைநாள் தாள்

எங்கள் மாநகராட்சியின் சாலைப் பிரிவில் டிக்டிக் அக்கா எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார். தெருவோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வண்டிகளை எண்ணுவதுதான் அக்காவின் வேலை. கைக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கருவிகள். கட்டைவிரலால் அழுத்தினால் டிக்கென்று ஒரு எண் கூடும். வலது கை லாரிக்கு, இடது கை மற்றதுக்கு. இருபத்திரண்டு வருஷமாக இதையே செய்ததில், கருவி இல்லாதபோதும் அந்த விரல் சும்மா இருக்காது. மீட்டிங்கில் மேனேஜர் எத்தனை தடவை "அதாவது" போட்டார் என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும். "நூத்திப் பதினாலு தம்பி, இன்னைக்கு மனுஷன் வெளுத்து வாங்கிட்டாரு" என்று பக்கத்து மேஜைக்காரனான என்னிடம் வந்து சொல்வார்.

அக்காவின் எண்ணிக்கை தப்பாகப் போனதாக ஊரே பேசிய நாள் ஒன்றே ஒன்றுதான். அந்த நாள் அக்காவுடையது இல்லை, என்னுடையது.

ஆற்றுக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் கட்டணம் வசூலிக்கப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னதும் எங்கள் மாநகராட்சி கொதித்துப்போனது. காசு கொடுக்க மனசில்லாத லாரிக்காரன் என்ன செய்வான்? ஆஸ்பத்திரித் தெருவுக்குள் நுழைந்து பழைய பாலத்துக்குப் போவான். ஸ்ட்ரெச்சர் தள்ளவே இடமில்லாத தெரு அது. வசூலைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனிக்காரர்கள் ஒரு வாரம் சோதனையாக வசூலித்தார்கள். அந்த ஏழு நாளும் தெருவில் லாரி எவ்வளவு கூடுகிறது என்று எண்ணிக் காட்டு, கட்டணத்தை விரட்டிவிடலாம் என்று மேயரே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

நாலு நாள் அக்கா எண்ணினார். ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். "காலைல ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் கொஞ்சம் உக்காந்துக்கிறியா தம்பி?" என்று கேட்டார்.

"இதுக்குப் போய் கேக்கணுமாக்கா? போங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். வாய் மட்டும் வக்கணையாகப் பேசும் எனக்கு.

ஏழரைக்கு மழை பிடித்தது. எட்டு மணிக்கு நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு காரணமாவது இருக்கக் கூடாதா? பிள்ளைக்குக் காய்ச்சல், மனைவிக்கு வலி, ஏதாவது? ஒரு மண்ணும் இல்லை. தூங்கப் போனேன். நாற்பத்துமூன்று வயசுத் தடியன், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். எழுந்து காபி குடித்துவிட்டு, நாலாம் நாள் தாளைப் பார்த்து, அங்கே ரெண்டு கூட்டி இங்கே மூணு குறைத்து ஐந்தாம் நாளை நிரப்பினேன்.

மறுநாள் அக்கா தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா சுத்தமா எழுதியிருக்கியே" என்றார். கீழே கையெழுத்துப் போட்டார். பொறுப்பாளர் அவர்தானே, அந்த இடத்தில் அவர் கையெழுத்துதான் செல்லும்.

கட்டணம் பற்றிய விசாரணையன்று மண்டபம் நிறைந்திருந்தது. அரசாங்கம் போட்ட மூன்று பேர் கொண்ட குழு. அக்கா முன்வரிசையில், நான் நாலு வரிசை தள்ளி. கம்பெனி வக்கீல் சாவகாசமாக எழுந்து ஒரு படத்தை நீட்டினார். ஐந்தாம் நாள் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஆஸ்பத்திரித் தெருவில் குழாய் உடைந்து, தெருவை வெட்டி, இரண்டு பக்கமும் அடைத்திருக்கிறார்கள். அடைத்தது வேறு யாருமில்லை, எங்கள் மாநகராட்சியின் தண்ணீர்ப் பிரிவுதான்.

"அந்த மூணு மணி நேரத்துல நூத்திமுப்பத்தாறு லாரி போனதா உங்க தாள் சொல்லுது. எல்லாம் பறந்து போச்சாம்மா?"

மண்டபமே சிரித்தது.

"இதை எண்ணினது யாரு?" என்று குழுத் தலைவி கேட்டார்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்திருடா, எழுந்திருடா என்று எனக்குள் ஒருத்தன் கத்தினான். நான் முன்னால் இருந்தவரின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் கையெழுத்துதாங்க. நான்தான்" என்றார் அக்கா.

ஒரு நாள் பொய்யென்றால் ஏழு நாளும் பொய் என்று மொத்த எண்ணிக்கையையும் தள்ளிவிட்டார்கள். கட்டணம் வந்தது. ஆஸ்பத்திரித் தெருவில் இப்போது ஆம்புலன்ஸ்காரன் லாரிக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறான். அக்காவைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள், கருவிகளை வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் மீட்டிங்கில் "அதாவது, சிலபேரால நம்ம எல்லாருக்கும் அவமானம்" என்றபோது நானும் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்!

ஒரு மாசம் கழித்துத்தான் தபால் பிரிவுக்குள் கால் வைக்கத் தைரியம் வந்தது. அக்கா உறைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் அன்னைக்கு எட்டு மணிக்கே எந்திரிச்சுப் போயிட்டேன்க்கா."

"தெரியும். மழைநாள்ல எழுதின தாளு, ஒரு சொட்டு நனைஞ்ச கறைகூட இல்லை. கேட்டிருக்கணும். எனக்காக உக்காந்தவனைச் சந்தேகப்படறதான்னு கூச்சமா இருந்துச்சு."

"கமிஷனர்கிட்ட போய் சொல்லிடட்டுமாக்கா?"

"சொல்லு, சொல்லாம இரு. அது உன் பாடு." அடுத்த உறையை எடுத்தார். "அன்னைக்கு அந்தம்மா கேட்டதும் நான் சும்மா இருந்தேனே, கவனிச்சியா? நீ எந்திரிப்பேன்னு பாத்தேன். பழக்கதோஷம், விரல் எண்ணிடுச்சு. நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன் தம்பி."

அப்புறம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் நாற்பத்தொன்று எண்ணிப் பார்த்தேன். அதற்குள் எழுந்து, நாற்காலியை நகர்த்தி, முன்னால் நடந்துபோய், என் பெயரையும் சொல்லிவிடலாம். அத்தனைக்கும் நேரம் இருக்கிறது.