கடைசி வாரம் இல்லாத தொடர்கதை

கேளம்பாக்கத்தைத் தாண்டி, பஸ் போகாத ஊரில், நண்பனின் அக்கா எஸ்தர் வீட்டில் சாப்பிடும்போதுதான் அந்த யோசனை வந்தது. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் அக்கா, நான் வழியில் படிக்கக் கொண்டுபோன நாவலை அடுப்படியிலேயே விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இங்கே புத்தகங்கள் கொண்டுவந்தால் என்ன?

தாம்பரத்தில் எங்கள் காலனிக்காரர்களிடம் கேட்டேன். படித்த ஜனங்களின் தாராளத்தை என்னவென்று சொல்ல! கரையான் அரித்த வருமான வரிக் கையேடு, அட்டை போன கணக்கு கைடு, காலாவதியான ரயில் அட்டவணை. காலனிச் செயலாளரின் மனைவி தந்த, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதை ஒன்றுதான் உருப்படி. அத்தனையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பெருமையாகப் போய்க் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது அக்கா பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, கடைசி வாரத்தையே காணோம்? அந்தப் பொண்ணு புருசன் வூட்டுக்குத் திரும்பிப் போனாளா, இல்லியா? உப்பளத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். டெய்லி கேட்டு உயிரை எடுத்துகினு கீறாளுங்க!"

செயலாளர் மனைவியிடம் ஓடினேன்.

"அது பின்பக்கம் மைசூர்பாகு செய்முறை இருந்துதுப்பா, கிழிச்சு வெச்சுண்டேன். அங்கே யாரு முடிவு வரைக்கும் படிக்கப் போறா?" என்று சிரித்தார். பக்கத்தைக் கொடுக்கவும் இல்லை.

வீட்டில் வேண்டாததைக் கழித்துக்கட்டுவதற்குத் தர்மம் என்று பெயர் வைக்கும் கூட்டம். அதன் குப்பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சுமந்தவன் நான்.

வரும் ஞாயிறு எஸ்தர் அக்காவைக் காலனிக்கே அழைத்து வரப்போகிறேன். அந்தப் பக்கத்தை அவரே கேட்கட்டும்.