கைப்பையில் ஒன்றுமில்லை

கைப்பையைத் தலைகீழாகப் பிடித்து மேசைமேல் உதறுகிறார் லோர்னா விஸ்ஸர். கார் சாவி, இருமல் மிட்டாய், மூக்குக் கண்ணாடி, கசங்கிய ரசீதுகள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாக்குச்சாவடிக்கு மேசை போட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கமாகக் காலிப் பையின் வாயை விரித்துக் காட்டுகிறார். "நல்லாப் பாத்துக்கங்க. அப்புறம் வாய்க்கு வந்ததைப் பேசக்கூடாது."

காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மிச்சிகன் ஏரியோரத்து ஆல்டர் பேயில் லோர்னாவைத் தெரியாதவர் கிடையாது. பள்ளி உணவுக்கூடத்தில் வேலை. தேர்தல் வந்தால் விடுப்புப் போட்டுவிட்டுச் சாவடித் தலைவர். யார் ஜெயிக்கவேண்டும் என்று கேட்டால், "எண்ணிட்டுச் சொல்றேன்" என்பார். தன் ஓட்டு யாருக்கென்று கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

பையைக் கவிழ்த்துக் காட்டும் பழக்கத்தை உண்டாக்கிய புண்ணியவான் ரஸ்ஸல் டீமர். படகு வியாபாரி, உள்ளூர்க் கட்சித் தலைவர். தன் ஆள் தோற்ற ஆண்டு, லோர்னா கைப்பையில் கள்ள ஓட்டு கொண்டுவந்தார் என்று நாக்கூசாமல் டிவியில் சொன்னார். கூட்டம் சேர்த்துக்கொண்டு எண்ணும் அறைக்குள் புகுந்து எந்திரத்தைப் பிரித்தார். லோர்னாவின் வாசலில் யாரோ தூக்குக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். பயந்துபோன மகள் பிள்ளைகளோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள்.

ரஸ்ஸல்மேல் வழக்கு வந்தது. சாட்சி சொல்ல லோர்னா நீலச் சட்டை ஒன்று வாங்கி வைத்தார். கெட்டுப்போன பெயரை மீட்க அவருக்கிருந்த ஒரே இடம் அந்தக் கூண்டுதான். அதற்குள் ரஸ்ஸலின் கட்சிக்காரர் ஜனாதிபதியாகி, ஒரே கையெழுத்தில் மன்னிப்பு வழங்கிவிட்டார். விசாரணையே இல்லை. சட்டை விலைச்சீட்டோடு இன்னும் அலமாரியில் தொங்குகிறது. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மேசைக்கு இரண்டு கட்சி ஆட்களும் உட்காரவேண்டும் என்பது விதி. இந்தமுறை ரஸ்ஸலின் கட்சி அனுப்பியது அவரையே. தண்டனை இல்லாததால் தடையும் இல்லையாம். மனிதர் டோனட் பெட்டியோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னுமா பையக் கவுக்கிற? யாரு கேட்டா?"

"நீதான் கேட்ட. டிவியில."

"விடு லோர்னா. ஜனாதிபதியே மன்னிச்சுட்டாரு."

"மன்னிக்க அவரு யாரு? கயிறு அவரு வாசல்லயா தொங்குச்சு?"

சாவடி திறக்குமுன் ஒவ்வொருவரும் தலைவர் முன்னால் வலக்கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கவேண்டும். நேர்மையாக வேலை செய்வேன் என்பதை ரஸ்ஸல் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார்.

"கேக்கல. மறுபடி சொல்லு."

"அவங்களுக்கெல்லாம் கேட்டுச்சே."

"என் காதுல விழணும்."

முகம் சிவக்க மறுபடி சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டோனட் பெட்டியை லோர்னா பக்கம் தள்ளினார். "எடுத்துக்க. பழசை விட்டுரு."

அதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள், வெளியே ஓட்டுப்போட வரிசை நின்றது. லோர்னா பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து, ரஸ்ஸலின் முன்னால் உதறினார். சர்க்கரை அவர் சட்டையெல்லாம் சிந்தியது. காலிப் பெட்டியை வரிசையில் நின்றவர்கள் பக்கம் திருப்பி, கடைசி ஆள் பார்க்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.