தம்பிக்கு எதிராக ஒரு சாட்சி

சென்ற வாரம் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் அலுவலகத்தின் பழைய பியூன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நம்ம முனிரத்தினம் சார் திருப்பதி ஆஸ்பத்திரியில போயிட்டாரு. சாயங்காலம் எடுக்கறாங்க." நான் வந்த வேலையை விட்டுவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன்.

சித்தூர் விவசாய அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய முன்கோபம் தெரியும். வயலுக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால், "செருப்பைக் காட்டு, மண்ணு கீதான்னு பாக்கறேன்" என்பார். அப்படிப்பட்டவர் அந்த விமான விபத்தைப் பற்றி மட்டும், விசாரணைக்குப் பிறகு, கடைசிவரை தானாக வாய் திறந்ததே இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த வருஷம் அது. வேர்க்கடலையில் கம்பளிப்புழு விழுந்து, மருந்து தெளிக்க ஒரு சிறிய விமானம் வந்தது. வயலின் இரு கோடியிலும் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டிய கழிகளோடு நிற்பார்கள். அதைப் பார்த்துத்தான் விமானி தாழப் பறந்து தெளிப்பார். ஆட்களை நிறுத்துவது முனிரத்தினத்தின் பொறுப்பு. ஆனால் அவருடைய சொந்த ஊர் வயல்களுக்கு மருந்து இல்லை. அவை மதராஸ் பக்கம் போகப்போகிறவையாம். அந்தப் பக்கம் போய்க் கேட்டால், இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை என்றார்கள். புழு என்ன, கோட்டைப் பார்த்து நின்றுவிடுமா? நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.

தெளிப்பு நடந்த ஒரு நாள் காலை விமானம் எங்கள் கொடிகளைத் தாண்டி அவருடைய ஊர் வயல்கள் பக்கம் திரும்பியது. இறக்கை பனைமரத்தில் மோதி விழுந்தது. விமானி வடநாட்டு இளைஞர். அங்கேயே இறந்துபோனார்.

விசாரணை டிராவலர்ஸ் பங்களாவில் நடந்தது. குறித்த இடத்தை விட்டு அவர் ஏன் போனார் என்று அதிகாரி கேட்டார். குடித்திருப்பார் என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இறந்தவரின் தகப்பனார் பாஷை புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முனிரத்தினம் எழுந்தார்.

"எங்க நிலத்துல கழியில ஒரு வெள்ளை வேட்டி பறந்துகினு இருந்திச்சி சார். அதைப் பார்த்துதான் அவரு திரும்பினாரு. கட்டினது என் தம்பி கோபால்."

வெளியே வந்ததும் கோபால் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். "பயிரு போவுதேன்னுதானே கட்டனேன்? செத்தவன் உனுக்கு ஒறவா?"

"அவன் வந்து பேச முடியாதுடா" என்றார் முனிரத்தினம்.

விமானி மேல் தவறில்லை என்று அறிக்கை வந்தது. கோபால் ஜெயிலுக்குப் போனார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. அலுவலகத்தில் நாங்கள் பாராட்டியபோது முனிரத்தினம் எரிந்து விழுந்தார். "தம்பியைக் காட்டிக் குடுத்ததுக்கு மாலை போடறீங்களா?"

அவருக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி யார் வைப்பது என்று உறவினர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, கோபால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். யாரும் கேட்காமலே சட்டியை வாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்து என் அருகில் நின்றார். "அவன் சொன்னது நெஜந்தான் சார். ஆனா விசாரணைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருந்தா, நானே எழுந்து சொல்லியிருப்பேன். ஏன் கேக்கல?"

முனிரத்தினத்தின் துணிவுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது என்று எழுத நினைத்திருந்தேன். இப்போது கோபாலின் கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது. பதில் சொல்ல வேண்டியவரை எரித்துவிட்டுத்தான் வந்தோம்.