ஐந்து மீனும் ஒரு டென்ஷனும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: போட்டி நடத்திய அக்கா. விளையாட வந்த எட்டுப் பேர். அந்த எட்டில் என் கூட்டாளியான அவனும் ஒருவன், அவனுடைய தரமணி ஆபீஸ் நண்பன் ஒருவன், மயிலாப்பூரிலிருந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி. அந்தப் பெண்ணின் அப்பா. காபி போடுகிறவர். விளையாடாமல் சுவரோரம் நின்ற நான். மொத்தம் பன்னிரண்டு பேர். புது இடத்துக்குப் போனால் நான் முதலில் ஆட்களை எண்ணுவேன், அப்புறம் வெளியே போகிற வழிகளை எண்ணுவேன். அடையாறில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் காபிக் கடை. வழி ஒன்றுதான். படிக்கட்டில் வேறு தண்ணீர் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் டீம் முதல் தடவையாக வெளியாள் முன்னால் இறங்கப் போகிறது என்று நம்பித்தான் நான் அங்கே போயிருந்தேன். நான் வேலை பார்க்கிற கடையில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. ரங்கநாதன் தெருப் பாத்திரக் கடைக்காரனுக்கு ஞாயிறுதான் திருநாள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதிலிருந்து நிஜமாகவே வயிறு வலித்துக்கொண்டிருந்தது.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆறு விசித்திரப் பிராணிகள். எதிராளியின் ஆறையும் முதலில் நமக்குக் காட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ஆறில் நாலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு இரண்டாகக் களத்தில் நிற்கும். நம் அடியை நாம் ரகசியமாக முடிவு பண்ண, எதிராளி அவன் அடியை முடிவு பண்ண, பிறகு மிஷின் இரண்டையும் சேர்த்து ஓட்டிக் காட்டும். அவன் என்ன நினைக்கிறான் என்று நாம் நினைக்கிறோமோ அதுதான் விளையாட்டு. எந்த ஆறு, எதற்கு எந்த நாலு வித்தை, எது எத்தனை அடி தாங்கும் என்பதெல்லாம் முன்னாலேயே வீட்டில் செய்துகொண்டு வர வேண்டிய வேலை. அதற்குத்தான் டீம் கட்டுவது என்று பேர்.

நானும் அவனும் சைதாப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் ஒரே பெஞ்ச். அப்பாவுக்குக் கை விழுந்ததும் நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அவன் தட்டுத்தடுமாறி டிகிரி வரை போனான். அவன் அம்மா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அந்த மிஷினைக் கையில் பிடித்து விளையாடலாம், டிவியிலும் மாட்டலாம். ரிச்சி தெருவில் பழசு ஒன்று பன்னிரண்டாயிரத்துக்கு வந்தது. என் தீபாவளி போனஸும் சேர்த்து வைத்ததும் போட்டு நான் வாங்கினேன். பாதி அவனுடையது, அப்புறம் தருவதாகச் சொன்னான். தரவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

என் கை நடுங்கும். ஜெயிக்கிற ஆட்டத்தில்கூட நடுங்கித் தப்பான பட்டனை அழுத்திவிடுவேன். ஆனால் என்னவெல்லாம் கெட்டது நடக்கலாம் என்று யோசிக்கச் சொன்னால் எனக்கு யாரும் ஈடில்லை. காஸை அணைத்தோமா, பூட்டை இழுத்துப் பார்த்தோமா, அம்மா ஏன் போனை எடுக்கவில்லை என்று நாளெல்லாம் ஓடுகிற தலை இது. வீட்டில் எல்லாருக்கும் இது தொல்லை. அவன் ஒருவன்தான் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தான். கடை முடிந்து நான் வந்ததும், மாம்பலம் ஸ்டேஷன் பெஞ்சில் மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பான்:

"சொல்லு டென்ஷன், இன்னிக்கு இன்னாத்துக்கு பயம்?"

நான் சொல்வேன். எதிராளி முதல் அடியிலேயே நம்மைத் தூங்க வைத்துவிட்டால்? நெருப்பாக வந்தால்? மெதுவாக நகர்வது முதலில் அடிக்கிற மாதிரி ஆட்டத்தையே தலைகீழாகத் திருப்புகிற வித்தை ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால்? ஒவ்வொரு பயத்துக்கும் அவன் ஒரு பிராணியைத் தேடுவான். பிடிக்கும்வரை ரயில்கள் போய்க்கொண்டே இருக்கும். "நீ பயந்துக்கினே இரு மச்சி, அடிக்கிறத நான் பாத்துக்கறேன்" என்பான்.

பிராணிகளின் பேரும் வித்தைகளும் எல்லாம் ஆங்கிலம். எழுத்துக் கூட்டுவேன், அவ்வளவுதான். அவன் படித்து, அவன் பாஷையில் சொல்வான். "இது இன்னா பண்ணும்னா, எதிராளி வாயக் கட்டிடும். அவனால அடிக்கத்தான் முடியும், வித்த காட்ட முடியாது." எல்லாம் இப்படித்தான் என் தலைக்குள் போனது. அந்த விளையாட்டு முழுவதும் எனக்கு அவன் குரலில்தான் தெரியும்.

பேர் வைத்ததும் அவன்தான், அம்மாவின் கூடையிலிருந்து. வேகமாகப் பாய்ந்து அடிப்பது வஞ்சிரம். சிவப்பாக இருந்தது சங்கரா. வாயைக் கட்டுவது வவ்வால். சின்னதாக இருந்து தொல்லை கொடுப்பது நெத்திலி. எவ்வளவு அடித்தாலும் சாகாதது கானாங்கத்த. ஆறாவதாக எதை வைப்பது என்பதில்தான் ஒரு மாதம் சண்டை. அவன் இன்னொரு அடிக்கிற பிராணி கேட்டான். நான் கேட்டது, தான் ஒரு அடியும் அடிக்காமல் பக்கத்தில் நிற்பதற்கு வருகிற அடியையெல்லாம் தன் மேல் இழுத்துக்கொள்கிற ஒன்று. குண்டாக, எப்போதும் அழப்போகிற மாதிரி மூஞ்சி. கடைசியில் விட்டுக்கொடுத்தான். பேர் அடிக்கிற இடத்தில் 'டென்ஷன்' என்று அடித்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

டென்ஷன் அடி வாங்கும், வஞ்சிரம் அடிக்கும். அந்த இரண்டையும் ஜோடியாக இறக்கினால் இணையத்தில் முகம் தெரியாத ஆட்கள் பாதி ஆட்டத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள். டென்ஷன் எந்த அடியை வாங்கி உயிரோடு நிற்கும், எதை வாங்கினால் போய்விடும் என்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பில் போடுகிற கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் இவ்வளவு தயாராக இருந்ததில்லை.

பிறகு அவனுக்குத் தரமணியில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று நாலு தடவை சொன்னான், எனக்குப் பிடிபடவில்லை. கழுத்தில் அட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து செய்கிற வேலை. அங்கேயும் சிலர் இதையே விளையாடுகிறார்கள் என்று தெரிந்ததும் மிஷினை ஒரு வாரம் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டான். போகிற ரயிலில் பழகிக்கொள்ளலாமே, போட்டி வேறு வருகிறதே என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு வாரம் ஒன்றரை மாதமானது. கடை முடிந்து மாம்பலம் ஸ்டேஷனுக்குள் போய், பழக்கத்தில் அந்த பெஞ்சைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடப்பேன். அவன் போன் எடுக்காவிட்டால் விபத்து என்றுதான் முதலில் தோன்றும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு வரவேண்டிய பயம் மட்டும் வரவில்லை.

அன்றைக்கு அடையாறு மாடியில் அவன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். ஆபீஸ் நண்பனிடம், "என் ஸ்கூல் ஃப்ரெண்டு" என்றான். அந்தப் பையன் நல்ல மாதிரிதான், கை கொடுத்தான், காபி வேண்டுமா என்று கேட்டான். அக்கா எல்லாரிடமும் டீம் விவரம் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஆறையும் நான் எழுதி வைத்திருந்தேன், என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுப்பதற்குள் அவன் மடிப்பு கலையாத ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டிவிட்டான்.

வேறு ஏதோ தாள் என்று நினைத்தேன். அவன் உட்கார்ந்தான், சுவரில் இருந்த டிவியில் அவனுடைய ஆறும் வரிசையாக வந்தன. வஞ்சிரம் இல்லை. சங்கரா இல்லை. ஒன்றுகூட எங்களுடையது இல்லை. பேர்கள் எல்லாம் ஆங்கிலத்தில், கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன.

முதல் ஆட்டம் சுலபமாக முடிந்தது. இடைவேளையில் பக்கத்தில் போய் நின்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"நம்ம டீம் இன்னாடா ஆச்சு?"

"அது மிஷினுக்குள்ள பாக்ஸ்ல பத்திரமா கீது மச்சி. இது எங்கியோ பெரிய போட்டில ஜெயிச்சவன் டீம். அவன் ஒரு கோடு, நம்பர் மாரி, குடுத்துருக்கான். அத்த அடிச்சா ஆறும் அப்பிடியே நம்ம மிஷின்ல வந்து குந்திக்கும். ஒரு நிமிஷம் கூட ஆவாது."

"நம்மளுது நல்லா இல்லியா?"

அவன் மிஷின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன். "நல்லாத்தான் கீது" என்றான். "ஆனா நாம ஒவ்வொண்ணுக்கும் பயந்து பயந்து கட்டுனோம் மச்சி. இதுல பயப்படவே தேவயில்ல. யோசிக்காம அடிச்சுக்கினே போலாம். நல்லா ஜாலியா கீது."

நான் தலையாட்டினேன். நிஜமாகவே அவன் ஜாலியாகத்தான் இருந்தான். இரண்டாவது ஆட்டத்தில் ஆபீஸ் நண்பனையே ஜெயித்தான். இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

கடைசி ஆட்டம் அந்த மயிலாப்பூர்ப் பெண்ணோடு. அவள் அப்பா மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நாழியாறதுடி, சீக்கிரம் முடிச்சுண்டு வா" என்று ஒரு தடவை சொன்னார். "அது என் கையில இல்லப்பா" என்றாள் அவள். அவளுடைய ஆறும் டிவியில் வந்தன. ஆட்டத்தைத் தலைகீழாகத் திருப்புகிற பிராணி மூன்றாவதாக நின்றது. பெஞ்சில் எத்தனை நாள் நான் புலம்பியிருப்பேன் அதைப் பற்றி. அதன் வாயைக் கட்டத்தான் வவ்வால். வவ்வால் பெட்டிக்குள் கிடந்தது. அவன் கோடு போட்டு வாங்கியது முழுக்க வேகமான கூட்டம். அவள் அந்த வித்தையைப் போட்டால் வேகமானதெல்லாம் கடைசிக்குப் போய்விடும், கை ஓங்குவதற்குள் அடி விழும். அவனிடம் மெதுவானது என்று இருந்தது ஒன்றே ஒன்று, ஐந்தாவதாக. அதைச் சேர்த்தால் பிழைக்கலாம்.

பின்னாலிருந்து யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. நான் திறக்கவில்லை.

நாலைத் தேர்ந்தெடுக்கிற நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவன் திரும்பி என்னைப் பார்த்தான். யோசித்துத் திரும்பவில்லை, பழக்கம். பெஞ்சில் இப்படித்தான் திரும்புவான், "சொல்லு டென்ஷன்" என்று. என் முகத்தில் இருப்பதை அவன் படித்துவிடுவான் என்று நினைத்தேன். முன்பெல்லாம் படிப்பான். ஆனால் என் மூஞ்சி எந்நேரமும் பயந்த மூஞ்சி, காபி ஆறிப் போனாலும் அதே மூஞ்சிதான். அன்றைக்கு அதில் எந்தப் பயம் இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. லேசாகச் சிரித்து, ஒன்றும் ஆகாது என்கிற மாதிரி கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். ஐந்தாவதை எடுக்கவில்லை.

மூன்றே சுற்றில் முடிந்தது. அந்தப் பெண் எழுந்து கை கொடுத்துவிட்டு, பரிசாகக் கொடுத்த காபிக் கோப்பையை அப்பாவிடம் காட்டினாள். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது, தண்ணீர் கேன்கள் பக்கம் திரும்பி நின்றேன். தோற்றதற்கு அவன் வருத்தப்படுவான், போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன். பின்னால் ஆபீஸ் நண்பன் சொல்வது கேட்டது, "விடு, அடுத்த வாரம் வேற கோட் போட்டுக்கலாம்." அவனும், "ஆமா, இது வேலைக்கு ஆவாது" என்று சிரித்தான். அவ்வளவுதான் அவர்களுக்கு. நான் அடுக்கிய வார்த்தைகளை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

படிக்கட்டு வரை என்னோடு வந்தான். மிஷினைத் தானே வைத்துக்கொள்வதாகவும், பாதி இல்லை, முழுப் பணத்தையும் எனக்குக் கொடுத்துவிடுவதாகவும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடியும் என்றும் சொன்னான். "நீ புதுசா ஒண்ணு வாங்கிக்க மச்சி, ஆன்லைன்ல சேந்து ஆடலாம்" என்றான். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். தனியாக என்னால் ஆங்கிலத்தில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஞாபகப்படுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. சரி என்றேன். ஒன்று மட்டும் கேட்டேன்.

"பாக்ஸ்ல கீறத அழிச்சுடாத."

"லூசு, அத்த யாராவது அழிப்பானா?"

வீட்டுக்கு அடையாறு பாலம் வழியாக நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறினால் அழுதுவிடுவேனோ என்று பயம். பாலத்தில் ஆள் இருந்ததால் அங்கேயும் முடியவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் சண்டை எதுவும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் யாராவது சேர்த்து வைத்திருப்பார்கள். மாதம் பிறந்ததும் என் போனில் பணம் வந்து விழுகிற சத்தம் கேட்கும். முதல் மாதம் ஆயிரத்து ஐந்நூறு, கூடவே, 'டென்ஷன் ஆவாத மச்சி, வந்துடும்' என்று எழுதியிருந்தான். அதை எத்தனையோ தடவை திறந்து பார்த்தேன். அடுத்த மாதம் 'இந்தா' என்று மட்டும். அதற்கப்புறம் எழுத்து நின்றுவிட்டது, பணம் மட்டும் வந்தது. ஒரு மாதம் ஆயிரம், ஒரு மாதம் எண்ணூறு. இரண்டு மாதம் வரவேயில்லை. அவனுக்கு உடம்புக்கு என்னவோ என்று மார்க்கெட் பக்கம் போய் அவன் அம்மாவிடம் சங்கரா விலை கேட்டேன். நன்றாக இருக்கிறான், பெண் பார்க்கிறோம் என்றார். மீனும் வாங்கிக்கொண்டு வந்தேன், வீட்டில் யாரும் கேட்கவில்லை ஏன் என்று.

பெட்டியில் இடம் பற்றாமல் போனால் பழசை விடுவித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். விடுவித்தால் திரும்ப வராது. ஒவ்வொரு மாதமும் அதை ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன்: குண்டாக, அழப்போகிற மூஞ்சியோடு, பக்கத்தில் யாரும் அடிக்க இல்லாமல் அது நிற்பதை. போன் செய்து கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடும்.

என் தங்கை பாக்கியை ஒரேயடியாகக் கேட்டு வாங்கு என்கிறாள். அவசரமில்லை என்கிறேன். நேற்றும் சத்தம் கேட்டது, ஐந்நூறு. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து கால்குலேட்டரில் கழித்துப் பார்த்தேன். அவனிடமிருந்து வர வேண்டியது இன்னும் எழுநூறு ரூபாய்தான்.