தீவுக்கு ஒரு நாற்காலி

காலனி ஆதிக்கம் ஒழிந்த கதையை நான் வருடாவருடம் நின்றுகொண்டேதான் நடத்துகிறேன். மாடம்பாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் தனியார் பள்ளியில், வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. முன்பு இருந்தது. ஒருநாள் கரஸ்பாண்டன்ட் ரவுண்ட்ஸ் வந்தபோது யாரோ ஒருவர் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். மறுநாளே எல்லா நாற்காலிகளும் ஆடிட்டோரியத்துக்குப் போய்விட்டன. உட்கார்ந்தால் தூக்கம் வரும், டீச்சர் தூங்கினால் ரிசல்ட்டும் தூங்கும் என்று சர்க்குலர் வந்தது. இதில் என் வயிறு எரிந்தது வேறொரு காரணத்துக்காக. கரஸ்பாண்டன்டுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே தயாராவது கல்யாண மண்டபங்களுக்கான இரும்பு நாற்காலி.

என் வகுப்புக்கு அடுத்த வகுப்பு ஏழு பி. அங்கே இருந்த தமிழ் மிஸ்ஸுக்கு அப்போது ஏழாம் மாதம். கால் வீங்கி, செருப்பை மேஜைக்கு அடியில் கழற்றிவிட்டு, கரும்பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டே பாடம் நடத்துவாள். சாயங்காலம் அவள் புடவை முதுகைப் பார்த்தாலே அன்றைக்கு நடத்திய இலக்கணம் தெரியும். லீவு எடுக்கவும் வழியில்லை. இருக்கிற லீவைக் குழந்தை பிறந்த பிறகு எடுக்க வேண்டும். நாற்காலி கேட்டுப் பிரின்சிபாலிடம் போனாள். "உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார் அவர். நாங்கள் எல்லோரும் கேட்கக்கூடியவர்கள்தான், அதில் தப்பில்லை.

அந்தச் சமயத்தில்தான் கீழ்க்கட்டளையில் ஏதோ ஒரு பள்ளியில் மாதிரி உலக சபை நடத்தினார்கள் என்று கரஸ்பாண்டன்ட் காதுக்கு எட்டியது. பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து விவாதம் செய்வார்கள். நம் பள்ளியிலும் வேண்டும், இன்டர்நேஷனல் ரேஞ்சில் வேண்டும் என்றார். தலைப்பு, காலனி ஆதிக்க ஒழிப்பும் மனித உரிமையும். சோஷியல் டீச்சர் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிள்ளைகளை இறக்கும் முன் டீச்சர்களை வைத்து ஒரு டிரையல் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய கூடுதல் யோசனை.

நாடுகளை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். மேத்ஸ் மிஸ் பிரேசில், கெமிஸ்ட்ரி சார் ஜப்பான். கோவளம் பக்கம் மீனவர் குடும்பத்திலிருந்து வந்த பி.டி. மாஸ்டருக்கு நல்ல உடம்பு என்பதால் அவரை வல்லரசாக்கினேன். அவருக்குக் கீழே அடிமைப்பட்டுக் கிடக்கும் ஒரு சின்னத் தீவுதான் தமிழ் மிஸ். ஆளப்படுகிற மக்களே நேரில் வந்து, எங்களை ஆள்கிறவர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்று உலகத்தின் முன்னால் முறையிட இடம் உண்டு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். அதற்காக அவளுக்கு ஒரு பேச்சும் எழுதிக் கொடுத்தேன்.

டிரையல் அன்று சபைத் தலைவர் இருக்கையில் கரஸ்பாண்டன்டே உட்காரப்போவதாகச் சொல்லிவிட்டார். அவர் ஆடிட்டோரியத்துக்குள் நுழைந்ததும் உலக நாடுகள் அத்தனையும் விருட்டென்று எழுந்து, "குட் மார்னிங் சார்" என்று ஒரே ராகத்தில் பாடின. வல்லரசுதான் முதலில் எழுந்தது. பிறகு தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஓட்டெடுப்பு எப்படி நடக்கும் என்று காட்ட, டீ இப்போதா பிறகா என்று கேட்டேன். எல்லா நாடுகளும் முன் வரிசையிலிருந்த பிரின்சிபால் முகத்தைப் பார்த்தன. அவர் தலையசைத்த பிறகுதான் ஜப்பான் கை தூக்கியது. எனக்கு மானம் போயிற்று.

தீவின் முறை வந்தது. தமிழ் மிஸ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "எங்கள் நிலத்தில் எங்களைக் கேட்காமலே எல்லாம் முடிவாகிறது" என்று வாசிக்கத் தொடங்கினாள். பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டாள். அப்படிச் செய்வதாக முன்னால் யோசிக்கவே இல்லையாம். ரொம்ப நாள் கழித்துப் பள்ளியில் உட்கார்ந்த சுகத்தில் தைரியம் வந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"சார், தீவுக்குச் சுதந்திரம் எப்ப வேணா வரட்டும். எனக்கு ஏழு பி-ல ஒரு சேர் வேணும். காலைலேர்ந்து நிக்கறேன் சார். முடியல."

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கரஸ்பாண்டன்ட் என் பக்கம் திரும்பினார். "மேடம், இது அஜெண்டால இருக்கா?"

"இல்ல சார். ஆனா மனு வந்துட்டா ஓட்டுக்கு விட்டே ஆகணும். இன்டர்நேஷனல் ரூல் சார்" என்றேன். அப்படி ஒரு விதி எங்காவது இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இன்டர்நேஷனல் என்ற சொல்லுக்கு அவர் கட்டுப்படுவார் என்று தெரியும்.

ஓட்டுக்கு விட்டார். எல்லா நாடுகளும் பிரின்சிபாலைப் பார்த்தன. பிரின்சிபால் தன் போனைப் பார்த்தார். ஒரு கைகூட மேலே வரவில்லை. ஆத்திரத்தில் நானே கையைத் தூக்கிவிடலாமா என்று பார்த்தேன், ஆனால் எனக்குத்தான் நாடே இல்லையே. அப்போது வல்லரசு எழுந்தது.

"சார், ஆள்றவன் நான்தானே? அந்தத் தீவு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது. தெரியாத ஊரை நான் இன்னாத்துக்கு வெச்சிகினு கீறேன்? சொதந்தரம் குத்துட்டேன், எடுத்துக்கச் சொல்லுங்க. அப்டியே அந்த டீச்சருக்கு ஒரு சேரும் குத்துடுங்க சார், பேஜாரா கீது பாக்க."

சொல்லிவிட்டு விளையாட்டு மைதானத்தில் விசிலுக்குத் தூக்குவதுபோல் கையை உயர்த்தினார். அடுத்து பிரேசில். அப்புறம் ஜப்பான், இந்த முறை யாரையும் பார்க்காமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில், எந்த நாடுமில்லாத பிரின்சிபாலும் கை தூக்கினார்.

கரஸ்பாண்டன்ட் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "ஓகே. ஒரு சேர். ஒன்லி ஏழு பி. டெலிவரி வரைக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஏகாதிபத்தியம் எதையாவது கொடுத்தால் இப்படிக் கெடு வைத்துத்தான் கொடுக்கும். இருந்தாலும் நாங்கள் கை தட்டினோம், நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

மறுநாள் பட்டறையிலிருந்து புது நாற்காலி, பிளாஸ்டிக் உறையோடு ஏழு பி-க்கு வந்தது. முதல் பீரியட் தொடங்கிச் சற்று நேரத்தில் அந்த வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் மூச்சிரைக்க என் வாசலில் வந்து நின்றார்கள்.

"மிஸ், சீக்கிரம் வாங்க! எங்க தமிழ் மிஸ் உட்கார்ந்துட்டாங்க!"

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். ஏழு பி முழுக்க அவளைச் சூழ்ந்திருந்தது. ஒருத்தி நோட்டால் விசிறினாள், ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள், பின்னால் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். நடுவில் தமிழ் மிஸ் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லடா, சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு பிள்ளைகூட நம்பவில்லை.